தெருவில் ஒரு பெண்ணைப் புருஷன் அடிக்கிறான், கேஸ் வேண்டாம் என்கிறாள். நான் என்ன செய்யலாம்? (பாலக்கோடு தாலுக்கா)

கேள்வி: கொய்யாமரத்து வீடு (புனைபெயர், கீழே பதில் சொல்பவர்களும் புனைபெயரில்தான்)

வணக்கம். தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு தாலுக்கா. (ஊர்ப் பேரும் போட்டிருந்தேன், கீழே சொன்னதைப் பார்த்து எடுத்துட்டேன்.) எங்க தெருவுல ஒரு பொண்ணு, என்னை அக்கான்னு கூப்பிடும். ரெண்டு பிள்ளைங்க. பெரியவ ரெண்டாவது படிக்கிறா, சின்னவன் பால்வாடி போறான். புருஷன் பெங்களூருல கட்டட வேலை. சனிக்கிழமை ராத்திரி ரயில்ல வந்து திங்கக்கிழமை விடிகாலை போயிடுவான். இருக்கிற ரெண்டு ராத்திரியும் அடி. குடிச்சாத்தான் அடிப்பான்னு முன்னாடி சொல்லிட்டு இருந்தாங்க, இப்ப குடிக்காமலும் நடக்குது. போன வாரம் கழுத்தைப் பிடிச்சு நெரிச்சிருக்கான். ரெண்டு நாளா குரல் கம்மிக் கிடந்துச்சு. கேட்டா சளின்னுச்சு. அப்புறம் தண்ணி பிடிக்கிற இடத்துல வச்சு உண்மையைச் சொல்லுச்சு.

ஒரு தடவை ஊர்ப் பெரியவங்க உக்காந்து பேசி, இனிமே கைநீட்ட மாட்டேன்னு எழுதி வாங்கினாங்க. மூணு வாரம்கூட நிக்கல. அம்மா வீடு காவேரிப்பட்டணம் பக்கம். அப்பா இல்ல. அம்மா ரெண்டு தடவையும் "பிள்ளைங்க முகத்தைப் பாரு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்தப் பொண்ணு கேஸு வேணாங்குது. "அவரை உள்ள தள்ளிட்டா சோறு யாரு போடுவா, எனக்கு அடி மட்டும் நின்னாப் போதும்"ங்குது.

நானா போலீசுக்குச் சொல்லலாமா? சொன்னா அதுக்கே வினையா முடியுமா? கேஸு இல்லாம அடியை நிறுத்த வழி இருக்கா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: அவசரப் பிரிவு

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் கழுத்து.

கழுத்தை நெரிப்பது மற்ற அடி மாதிரி கிடையாது. வெளியே ஒரு கீறல் இல்லாமலே உள்ளே ரத்தக்குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம். அங்கே கட்டும் ரத்தக்கட்டி மூளைக்குப் போனால், சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். குரல் கம்மியது என்றால் அழுத்தம் குரல்வளை வரை போயிருக்கிறது. இப்போதும் விழுங்கும்போது வலி, மூச்சு வாங்குதல், விடாத தலைவலி, பார்வை மங்கல், ஒரு பக்கம் கை கால் மரத்தல், கண் வெள்ளையில் ஊசிக்குத்துபோலச் சிவப்புப் புள்ளி, இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு இன்றே அழைத்துப் போங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் காட்டியே ஆகவேண்டும். நெரித்தபோது நினைவு தப்பியதா, தன்னை அறியாமல் சிறுநீர் போனதா என்று தனியாகக் கேளுங்கள். வெட்கத்தில் அவராகச் சொல்லமாட்டார், ஆனால் டாக்டருக்கு அது மிக முக்கியம். வயிற்றில் குழந்தை இருக்க வாய்ப்பிருந்தால் அதையும் சொல்லவேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு முறை கழுத்தை நெரித்தவன் பின்னாளில் அந்தப் பெண்ணைக் கொல்லும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் என்று 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு சொல்கிறது. "கோபத்துல பிடிச்சிட்டான்" என்று யாராவது சமாதானம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாலக்கோடு ஜி.எச்.சுக்குப் போனால் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். முதல் கேள்வியே "எப்படி ஆச்சு?" என்பதுதான். அந்த நேரம் கூட மாமியார் நின்றால் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று வாயில் வந்துவிடும், பதிவேட்டிலும் அதுவே ஏறிவிடும். ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் அந்த ஒரு வரியை எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து வாசிப்பார். அதனால் கூடப் போவது நீங்களாக இருங்கள். "கழுத்து வலிக்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. "இந்தத் தேதி ராத்திரி இத்தனை மணிக்கு, வீட்டில் வைத்து, கணவர் இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தார்" என்று சொல்லவேண்டும். தேதி, நேரம், இடம், ஆள், எதனால் என்ற ஐந்தும் அந்த வரியில் இருக்கவேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள், என்ன எழுதினார்கள் என்று படித்துச் சொல்லக் கேளுங்கள். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓ.பி. சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உடம்பில் பழைய காயம், ஆறிய தழும்பு இருந்தால் அவற்றையும் காட்டி எழுதவையுங்கள்.

அடித்ததாகப் பதிவானால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அழைத்துப் போய், அங்கே போலீசைப் பார்த்து மிரண்டால், அடுத்த முறை உங்களையும் நம்பமாட்டார்.

போட்டோ எடுப்பதாக இருந்தால் முகமும் காயமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து அளவு தெரிகிற மாதிரி ஒன்று. கன்றிப்போன இடம் முதல் நாளில் சரியாகத் தெரியாமல் இருக்கலாம், இரண்டு மூன்று நாளில் நிறம் ஏறும், அன்றும் எடுங்கள். படம் உங்கள் போனில் இருக்கட்டும்.

பதில்: தும்பலஅள்ளி ஏரி

மேலே சொன்னதோட சேர்த்து, சனிக்கிழமைக்கு முன்னாடி நீங்க செய்ய வேண்டியதைச் சொல்றேன்.

முதல்ல இந்தப் பதிவுல இருந்து ஊர்ப் பேரை எடுங்க. சின்ன ஊர்ல ரெண்டு பிள்ளை, பெங்களூரு, சனிக்கிழமைன்னு சொன்னாலே யார்னு தெரிஞ்சிடும்.

அவன்கிட்ட நேரா போய்க் கேக்காதீங்க. உங்க வீட்டு ஆம்பளைங்களையும் விட்டுக் கேக்கவைக்காதீங்க. நீங்க இருக்கிறவரை தலையைக் குனிஞ்சு நிப்பான். கதவைச் சாத்துனதும் "ஊருக்கெல்லாம் சொல்லிட்டியா"ன்னு அதுக்கும் சேர்த்து அடி விழும். உங்ககூடப் பேசவும் விடமாட்டான், இருக்கிற ஒரே வாசலும் அடைஞ்சுபோகும்.

அந்தப் பொண்ணுகிட்ட "நீ ஏன் இன்னும் இருக்க, கிளம்பி வா"ன்னும் சொல்லாதீங்க. கிளம்புற நேரமும் கிளம்பின புதுசும்தான் ரொம்ப ஆபத்து, அடிக்கிறவனுக்குப் பிடி நழுவுதுன்னு தெரியற நேரம் அது. எப்பன்னு அது முடிவு பண்ணட்டும். நீங்க கேக்க வேண்டியது வேற: "இந்தச் சனிக்கிழமை எதை நெனச்சா பயமா இருக்கு? அடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவன் என்ன பண்ணுவான்? அப்ப நான் என்ன பண்ணா உனக்கு ஒத்தாசையா இருக்கும்?" இந்த மூணுக்கும் அதுகிட்ட பதில் இருக்கும். வருஷக்கணக்கா தன்னைத்தானே காப்பாத்திக்கிட்டு வந்திருக்கு. அவன் செருப்பைக் கழட்டி எறியற சத்தத்தை வச்சே அன்னிக்கு ராத்திரி எப்படின்னு அதுக்குத் தெரியும்.

ஒரு அடையாளம் பேசி வச்சுக்கோங்க. பெரிய பாப்பா உங்க வீட்டுக்கு வந்து ஏதோ ஒண்ணு கேட்டா, நீங்க உடனே 112-க்கு (போலீஸ் அவசர எண்) போன் பண்ணணும். உறைமோர், உப்புன்னு வைக்காதீங்க, விளக்கு வச்ச பிறகு அதை யாரும் கேக்க மாட்டாங்க, மாமியாருக்குச் சந்தேகம் வரும். "தம்பிக்குக் காய்ச்சல் மாத்திரை இருக்கா"ன்னா எந்த நேரத்துக்கும் பொருந்தும். வந்த பாப்பாவைத் திருப்பி அனுப்பாதீங்க. நடுவுல பூந்து அப்பாவைத் தடுக்கக் கூடாது, தம்பியைக் கூட்டிட்டு வெளிய வரணும், அவ்வளவுதான் அவ வேலைன்னு அம்மா மூலமாவே சொல்லிவைங்க.

சண்டை மூளுதுன்னு தெரிஞ்சா சமையக்கட்டுக்குள்ள போகக் கூடாது. அருவாமணை, கத்தி, அடுப்பு எல்லாம் அங்க. பாத்ரூமும் வேணாம், ஒரே வழி. தெருப்பக்கக் கதவுகிட்ட இருக்கிறது நல்லது. அந்தக் கதவோட தாழ்ப்பாள் சுலபமா திறக்குதான்னு பகல்ல பாத்து எண்ணெய் விடச் சொல்லுங்க. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டுல இருந்தா, ஏதாவது காரணம் சொல்லி அதை உங்க வீட்டுக்கு மாத்துங்க. "செத்துப் போயிடலாம்னு தோணுதா"ன்னு வாய்விட்டே கேளுங்க. கேட்டா எண்ணம் வந்துடுமோன்னு பயப்பட வேணாம், கேட்டாத்தான் பாரம் குறையும். ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க. 104 இல்ல 14416-க்கு (மனசு கஷ்டத்துக்கு ஆலோசனை சொல்ற அரசு எண்கள்) போன் போட்டுப் பேசவைங்க.

ஒரு மஞ்சப்பை உங்க வீட்டு அரிசி டின்னுக்குப் பின்னால இருக்கட்டும். அதுல ஆதார் (அதோடது, பிள்ளைங்களது), ரேஷன் கார்டு நகல், பேங்க் பாஸ்புக், பிள்ளைங்க பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கல்யாணப் பத்திரிகை ஒண்ணு, கல்யாண போட்டோ ஒண்ணு, சீர் கொடுத்த நகைப் பட்டியலோ கடை ரசீதோ, ரெண்டு செட் துணி. அசலை ஒரே நாள்ல எடுத்தா பீரோ வெறிச்சுன்னு தெரியும். முதல்ல ஜெராக்ஸ் எடுத்து வைங்க. அசலை ஒவ்வொண்ணா, இல்லாட்டி கிளம்புற அன்னிக்கு. அவனோட போட்டோ, பெங்களூருல வேலை செய்யற இடத்து விலாசம், மேஸ்திரி நம்பர் எழுதின ஒரு துண்டுச் சீட்டும் வைங்க. அது எதுக்குன்னு சட்டம் தெரிஞ்சவங்க வந்து சொல்வாங்க.

பதில்: நடுவர் மன்ற வாசல்

"கேஸ் வேண்டாம், அடி நிற்கணும்" என்று அந்தப் பெண் கேட்பதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. இதில் எடுத்த எடுப்பில் யாரையும் ஜெயிலில் போடுவதில்லை. மாஜிஸ்திரேட் உத்தரவுதான் போடுகிறார். அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, பிள்ளை படிக்கும் பள்ளிக்குப் போய்த் தகராறு செய்யக்கூடாது என்பது பிரிவு 18. வீட்டைவிட்டுத் துரத்தக்கூடாது, நகையைத் திருப்பிக் கொடு என்பது 19. செலவுக்குப் பணம் 20. பிள்ளைகள் தற்காலிகமாக அம்மாவிடம் இருக்கட்டும் என்பது 21. பாதுகாப்பு உத்தரவை மீறினால் அப்போதுதான் அது குற்றமாகிறது. ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடமுடியாத குற்றம் அது. "யாரு சோறு போடுவா" என்ற பயத்துக்கும் இதில் பதில் உண்டு: செலவுக்குப் பணம் தரச் சொன்ன உத்தரவுப்படி அவன் தராவிட்டால், சம்பளம் கொடுப்பவரே நேராக மனைவிக்குப் பணம் கட்டவேண்டும் என்று 20(6)-இன் கீழ் உத்தரவிட முடியும். ஓசூர் கம்பெனி வேலை என்றால் இது சுலபம். மேஸ்திரியிடம் தினக்கூலி என்றால் சிரமம், ஆனாலும் கேட்டு வையுங்கள்.

தொடங்கும் இடம் போலீஸ் ஸ்டேஷனாக இருக்கவேண்டியதில்லை. தர்மபுரி கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். இடம், நேரம் சரிபார்க்க 181-க்குப் போன் போடுங்கள், பெண்களுக்கான இலவச உதவி எண், ராப்பகல் உண்டு. அவர்களே ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும் இணைத்துவிடுவார்கள். அந்த மையத்தில் பிள்ளைகளோடு ஐந்து நாள் வரை தங்கலாம். ஆலோசனை, மருத்துவம், வக்கீல், போலீஸ் உதவி எல்லாம் ஒரே இடத்தில். அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் விடுதிக்கு அனுப்பிவைப்பார்கள்.

பாதுகாப்பு அலுவலர் நிரப்புவது படிவம் 1, குடும்பச் சம்பவ அறிக்கை. இங்கேதான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. "கணவர் குடித்துவிட்டு அடிக்கடி தகராறு செய்கிறார்" என்று ஒற்றை வரியில் முடிந்துவிட்டால், மாஜிஸ்திரேட்டுக்கு அது நூறு மனுவில் ஒன்று. படிவத்திலேயே உடல் வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் துன்புறுத்தல், பொருளாதார வன்முறை என்று தனித்தனிப் பகுதி இருக்கிறது. போவதற்கு முன் இரண்டு நாள் உட்கார்ந்து, கடைசிச் சம்பவம், மிக மோசமான சம்பவம், முதல் சம்பவம் என்ற மூன்றையாவது தாளில் எழுதுங்கள். தேதி ஞாபகம் இல்லை என்றால் "சின்னவன் பிறந்த மூணாம் மாசம்", "போன மாரியம்மன் பண்டிகைக்கு மறுநாள்" என்று எழுதினாலும் சரி. கூலிப் பணத்தைப் பிடுங்குவது, மகளிர் உரிமைத் தொகை வரும் ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்திருப்பது, ரேஷன் வாங்கக் காசு தராதது எல்லாம் பொருளாதார வன்முறை. கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும். நகல் இலவசம், கையில் வாங்காமல் வரவேண்டாம்.

அடுத்து படிவம் 2, மாஜிஸ்திரேட்டுக்கு மனு. இதோடு படிவம் 3, உறுதிமொழிப் பத்திரம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அவனுக்குத் தகவல் போய்ச் சேரும் முன்பே இடைக்கால உத்தரவு வேண்டும் என்றால் பிரிவு 23(2)-இல் இந்தப் பத்திரத்தின் அடிப்படையில்தான் போடுவார்கள். அதை விட்டுவிட்டு மனு மட்டும் போனால் நோட்டீஸ், வாய்தா என்று நாள் ஓடும். கழுத்தை நெரித்தது, ஏ.ஆர். எண் இரண்டும் அந்தப் பத்திரத்தில் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். கூடவே படிவம் 5 என்று ஒரு பாதுகாப்புத் திட்டம் உண்டு. பல பேர் அதை நிரப்புவதே இல்லை, கேட்டு நிரப்பச் சொல்லுங்கள்.

முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுப்பதற்கு முக்கியக் காரணம் நோட்டீஸ் கைக்குப் போய்ச் சேராதது. பெங்களூரில் வேலை செய்பவனுக்கு ஊர் விலாசத்தில் அனுப்பினால் "ஆள் இல்லை" என்று திரும்பி வரும். அந்தத் துண்டுச் சீட்டு இதற்காகத்தான். இரண்டு விலாசத்தையும் மனுவில் போடவேண்டும், சனி ஞாயிறு ஊரில் இருப்பான் என்பதையும் எழுதவேண்டும்.

வக்கீலுக்குக் காசு வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இல் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண் என்பதற்காகவே இலவச வக்கீல் உண்டு. எண் 15100.

ஊர்ப் பெரியவர்கள் எழுதி வாங்கிய தாள் யாரிடம் இருக்கிறது? கைநீட்டியதை அவனே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட தாள் அது. ஒரு நகல் எடுத்து மஞ்சப்பையில் வையுங்கள்.

கேள்வி (தொடர்ச்சி): கொய்யாமரத்து வீடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு ஜி.எச். கூட்டிட்டுப் போயிட்டு வந்தோம். ஏ.ஆர். எண் குறிச்சாச்சு, திங்கக்கிழமை ஸ்கேனுக்கு தர்மபுரி மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. இன்னும் சில சந்தேகம்.

ஒண்ணு, நான் பேர் சொல்லிப் புகார் குடுத்தா எங்க மேலயே கேஸு போடுவானா? அவன் அண்ணன் அப்படி மிரட்டுற ஆளு. ரெண்டு, ஒரு தடவை அவன் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போய் அங்க வச்சும் அடிச்சிருக்கான், அதையும் இங்கேயே சொல்லலாமா? மூணு, வீடு மாமியார் பேருல இருக்கு. "வெளிய காலை வச்சா திரும்ப உள்ள வர முடியாது"ன்னு மாமியார் சொல்றாங்க.

பதில்: நடுவர் மன்ற வாசல்

ஏ.ஆர். போட்டது மிக நல்ல வேலை.

குடும்ப வன்முறை நடக்கிறது, நடக்கப் போகிறது என்று நம்பக் காரணம் இருக்கும் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம் என்பது பிரிவு 4. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது சிவில், கிரிமினல் எந்தப் பொறுப்பும் வராது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அவன் அண்ணன் மிரட்டினால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான நேரமென்றால் போனில் சொன்னாலே போதும். போலீஸ் உதவியோடு நேரில் வந்து அங்கேயே அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கவேண்டும் என்று 2006-ஆம் வருட விதிகளில் 9-ஆவது விதி சொல்கிறது.

ஆனால் போலீஸில் கொடுமைப் பிரிவு வேறு மாதிரி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 85. இதில் புகார் அந்தப் பெண்ணோ அவரது ரத்த உறவோ, திருமண உறவோ, தத்து உறவோ கொடுத்தால்தான் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியும். அக்கம்பக்கத்தார் கொடுத்தால் நிற்காது. "அடிக்கிறான், இப்பவே வாங்க" என்று 112-க்கு நீங்கள் சொல்லலாம், சொல்லவேண்டும். வழக்காக வேண்டும் என்று அவர் பின்னால் முடிவெடுத்தால் கையெழுத்து அவருடையதாகவோ அவர் அம்மாவுடையதாகவோ இருக்கவேண்டும். அதற்காகவாவது அந்த அம்மாவிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். ஏ.ஆர். நகலைக் கையில் கொடுங்கள். "கழுத்தை நெரிச்சிருக்கான்மா" என்பது வாயால் கேட்கும்போது வேறு, ஆஸ்பத்திரித் தாளில் பார்க்கும்போது வேறு.

85-இல் வழக்குப் பதிந்தால் உடனே பிடித்து அடைத்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்கவேண்டாம். மூன்று வருடம் வரை தண்டனை உள்ள பிரிவு. 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, காரணம் எழுதாமல் கைது கூடாது. பெரும்பாலும் நோட்டீஸ் கொடுத்து விசாரித்து அனுப்பிவிடுவார்கள். அன்று சாயங்காலமே அவன் வீட்டில் இருப்பான். இதைத் தெரியாமல் புகார் கொடுத்துவிட்டு அதே வீட்டுக்குப் பிள்ளைகளோடு திரும்பிப் போவதுதான் நடக்கிற தப்புகளிலேயே பெரிய தப்பு. புகார் கொடுக்கும் நாளில் ராத்திரி எங்கே தங்குவது என்பது காலையிலேயே முடிவாகியிருக்கவேண்டும்.

பாலக்கோடு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் முதலில் மனு ரசீது, சி.எஸ்.ஆர். கொடுப்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். இல்லை. இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துப் பேசி, எழுதி வாங்கி, சமாதானமாக அனுப்புவது அடுத்த கட்டம். "சமாதானமாகப் போகிறேன், நடவடிக்கை வேண்டாம்" என்ற வாசகத்தில் அவர் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக்கூடாது. பின்னால் அதே தாள் குறுக்கே வரும். போட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், என்ன அடி, என்ன தேதி, அவன் என்ன உறுதி கொடுத்தான் என்பது அந்த வாசகத்தில் இருக்கட்டும். சி.எஸ்.ஆர். எண் இல்லாமல் ஸ்டேஷன் படி இறங்கவேண்டாம். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் தபாலில் அனுப்பலாம், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4).

பெங்களூரு அடியையும் இங்கேயே சொல்லலாம். குடும்ப வன்முறைச் சட்டம் பிரிவு 27-படி அவர் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் இடத்தின் மாஜிஸ்திரேட்டே விசாரிப்பார். நாளைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே மனு போடலாம். போலீஸ் வழக்காக இருந்தாலும் "எங்க லிமிட் இல்ல" என்று திருப்பக்கூடாது, எந்த ஸ்டேஷனிலும் பதிந்து மாற்றி அனுப்பலாம்.

வீடு மாமியார் பேரில் இருந்தால் உரிமை இல்லை என்பது பழைய கதை. கணவனோடு குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார் மாமியாருக்குச் சொந்தமானதாக இருந்தாலும் பொதுக் குடித்தன வீடாக, அதாவது மனைவிக்குத் தங்கும் உரிமை உள்ள வீடாக, இருக்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிருக்குப் பயந்து வெளியே போனால் அந்த உரிமை போய்விடாது. "முன்பு வாழ்ந்த" வீடும் சட்டத்தில் சேரும். மாமியாரையே எதிர்மனுதாரராகச் சேர்க்கவும் முடியும், 2016-இலிருந்து அதற்குத் தடை இல்லை. சேர்க்கத்தான் வேண்டும் என்பதில்லை, அவரும் அடிக்கிறாரா, தூண்டுகிறாரா என்று பார்த்து முடிவெடுங்கள். சும்மா குடும்பத்தில் எல்லார் பேரையும் போட்டால் மனுவின் பலம் குறையும்.

கிளம்பும் நாள் வந்தால் ஒன்று மறக்கவேண்டாம். "மனைவியைக் காணவில்லை" என்று அவன் புகார் கொடுப்பான், போலீஸ் தேடிப் பிடித்து அவன் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தும். அதற்கு முன்பே, தன் விருப்பத்தில் பாதுகாப்புக்காகப் பிள்ளைகளோடு போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சேவை மையம் மூலமாக ஸ்டேஷனுக்குக் கொடுத்துவிடவேண்டும். தங்கும் விலாசத்தை அவனிடம் சொல்லக்கூடாது என்றும் அதில் எழுதலாம்.

பதில்: ராயக்கோட்டை ரோடு

போன் விஷயம் ஒண்ணும் யாரும் சொல்லலையே. சிம் யார் பேருல இருக்கு? போனை வாங்கிக் குடுத்தவன் அவன்னா, கூகுள் கணக்கும் அவனோடதா இருக்கும். அதுல எடுக்கிற போட்டோ அவன் போன்லயும் தெரியும், எங்க போனாங்கன்னும் தெரியும். வாட்ஸப்பைத் திறந்து "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பாருங்க, தெரியாத கம்ப்யூட்டரோ போனோ இருந்தா அதோட அர்த்தம் புரியும். ஆனா உடனே துண்டிச்சா அவனுக்குத் தெரிஞ்சிடும், முதல்ல பாத்து வச்சுக்கிட்டாப் போதும். 181, 112-ன்னு எது பேசறதா இருந்தாலும் உங்க போன்ல இருந்து பேசுங்க. அவன் அனுப்பின மிரட்டல் வாய்ஸ் மெசேஜை அழிக்க வேணாம், உங்களுக்கு அனுப்பிட்டும் அழிக்க வேணாம். கோர்ட்டுல ஸ்கிரீன்ஷாட்டை விட அது வந்த போனும், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும்தான் நிக்கும். வக்கீல்கிட்ட புதுச் சாட்சியச் சட்டம் பிரிவு 63 சான்றிதழ்னு சொன்னா புரியும்.

அப்புறம் கடன். இந்தப் பக்கம் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் எல்லாம் பொண்ணுங்க பேருலதான் எடுக்கிறாங்க, பணம் வேற யார் கையிலயோ போகுது. அதுவும் அப்படி எடுத்திருந்தா தவணை அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, யாருக்குப் போச்சுன்னு பாதுகாப்பு அலுவலர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. பேங்குல மொபைல் நம்பரை மாத்திட்டு ஏ.டி.எம். கார்டைத் தடை செஞ்சு புதுசு வாங்கலாம், ஆனா கிளம்பின பிறகு. முன்னாடி செஞ்சா அடுத்த சனிக்கிழமையே தெரிஞ்சிடும்.

பதில்: தும்பலஅள்ளி ஏரி

இன்னொண்ணு, மனசுல பட்டதைக் கேட்டுடறேன். பதினெட்டு முடியறதுக்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணா இருந்தா, "உண்மையைச் சொன்னா அம்மாவைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க"ன்னு பயந்துகிட்டு உதவியே கேக்காம இருக்கும். நம்ம மாவட்டத்துல இது நிறைய. அந்தக் கல்யாணத்தால அதோட உரிமை எதுவும் குறையாது. பிள்ளைங்க சட்டப்படி பிறந்த பிள்ளைங்கதான், ஜீவனாம்சம், வீடு, பாதுகாப்பு எல்லாம் உண்டு. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துல பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது. வயசை மாத்திச் சொல்லச் சொல்லாதீங்க, பள்ளிக்கூட டி.சி.ல ஒரு தேதி, மனுவுல ஒரு தேதின்னு வந்தா மொத்த மனுவையும் சந்தேகமா பாப்பாங்க. வக்கீல்கிட்ட முதல்லயே சொல்லிடட்டும்.

பள்ளிக்கூடம் மாத்த வேண்டி வந்தா டி.சி. இல்லைன்னு எட்டாவது வரைக்கும் யாரும் சேக்காம இருக்க முடியாது. பழைய பள்ளிக்கூடத்துல டி.சி. கேட்டு அவனுக்குத் துப்புக் குடுக்க வேணாம்.

கேள்வி (தொடர்ச்சி): கொய்யாமரத்து வீடு

கல்யாணம் பத்தொன்பதுல, அந்தப் பிரச்சினை இல்ல. குழுக் கடன் இருக்கு, நாப்பதாயிரம், தவணை இதுதான் கட்டுது. படிவம் எழுதப் போறதுக்கு மட்டும் சம்மதிச்சிருச்சு. திங்கக்கிழமை தர்மபுரி ஸ்கேனுக்குப் போறப்பவே கலெக்டர் ஆபீசுக்கும் போயிட்டு வந்துடலாமா? மாமியாருக்கு ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லிக்கலாம்.

பதில்: நடுவர் மன்ற வாசல்

காரணம் நல்ல காரணம். ஆனால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம், அதிகாரிகள் கூட்ட அரங்கில் இருப்பார்கள், வளாகம் முழுக்க உங்கள் தாலுக்கா ஆட்களும் வருவார்கள். யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். திங்கட்கிழமை ஸ்கேன் மட்டும். ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போகிறோம் என்று புதன்கிழமை போங்கள், முந்தின நாளே 181 மூலம் பாதுகாப்பு அலுவலர் இருப்பாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காலை பத்தரைக்கு அங்கே இருந்தால் படிவம் நிதானமாக எழுத நேரம் இருக்கும், மத்தியானத்துக்கு மேல் போனால் அவசரத்தில் இரண்டு வரியாகிவிடும். எழுதி வைத்த தாளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், அதைப் பார்த்துச் சொல்லட்டும். பிள்ளைகள் கேட்கிற இடத்தில் சொல்லவேண்டாம், சின்னவனைப் பால்வாடியில் விட்டுவிட்டு வாருங்கள்.

இந்தச் சனிக்கிழமை அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. இன்று அல்லது நாளை 181-க்குப் பேசி, கழுத்தை நெரித்தது, ஏ.ஆர். எண், அவன் வரும் நாள், வரும் நேரம் நான்கையும் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சனி ராத்திரி உங்கள் போனில் சார்ஜ் இருக்கட்டும், வாசல் விளக்கு எரியட்டும்.